பெல்ட் போடாத சாலை

ஹியூமா தீவில் பிப்ரவரி வந்தால்
கடல்மேல் சாலை விழும்.
இருபுறமும் குத்தி வைத்த ஜூனிப்பர் கிளைகளே மைல்கல்.

கூடத்தில் ஆறு பேர், ஒரு புரொஜெக்டர், கசக்கும் காபி.
பனிச்சாலைக் குழுவின் இணையதளத்துக்கு
உள்ளடக்க மேலாண்மை அமைப்பொன்று தேர்ந்து தர
தாலினிலிருந்து மடிக்கணினியோடு வந்திருந்தேன்.
அந்தப் பெயரை ஒருமுறைதான் முழுதாகச் சொன்னேன்.
கல்யு தொண்டையைச் செருமினார்.
அப்புறம் எல்லாரும் 'பெட்டி' என்றே பேசினோம்.

பழைய தளம் பரிதாபம்.
போன மார்ச்சில் பனி உடைந்து
அலை கரையை அறைந்துகொண்டிருந்தபோதும்
முகப்பில் பச்சை விளக்கு:
'சாலை திறந்திருக்கிறது. தடிமன் முப்பத்தொன்று.'
கடவுச்சொல் தெரிந்த ஒரே ஆள்
கப்பல் கட்டும் வேலைக்கு பின்லாந்து போய்விட்டான்,
போனை எடுப்பதில்லை.
நம்பி வந்த பால் லாரிக்காரர்
கரையில் நின்று திட்டியதை
உர்வே குறிப்பேட்டில் வைத்திருக்கிறாள்,
ஒரு வசவு விடாமல்.

மூன்று பெட்டிகள் காட்டினேன்.
முதலாவது ஊருக்கெல்லாம் தெரிந்தது.
எதைக் கேட்டாலும் அதற்கொரு செருகுநிரல் உண்டு,
வாரம் தவறாமல் புதுப்பிக்கச் சொல்லும்.
யானையைக் கட்டித் தீனி போடுகிற கதை.
இரண்டாவது வாடகை வீடு:
சுவர் அழகு, ஆணி அடிக்க உரிமையில்லை.
மூன்றாவது வெறும் எழுத்துக் கோப்புகள்.
வேகம். உடைய எதுவுமில்லை.
எனக்குப் பிடித்தது அதுதான்,
அதை மட்டும் கொஞ்சம் கூடுதல் நேரம் காட்டினேன்,
ஒத்துக்கொள்கிறேன்.

எண்டல் விலை கேட்டார்.
உர்வே படங்களுக்கு இடம் கேட்டாள்.
'திரையில் பனி விழுகிற மாதிரி வைக்கலாமா?'
இது கல்யு.
ஜன்னலுக்கு வெளியே
அவருடைய கார் காணாமல் போகுமளவு
விழுந்துகொண்டிருந்தது.

ஹெய்லி தாமதமாக வந்தாள்,
தோளில் துளைப்பான், புருவத்தில் உறைபனி.
தினம் காலை ஐந்து மணிக்குப் பனியில்
பதினேழு துளை போட்டு அளப்பவள்.
உட்காரவில்லை, கையுறையைக் கழற்றவில்லை.
என் போனை வாங்கி
ஒரே ஓர் எண்ணைப் பதியப் பார்த்தாள்.
முதல் பெட்டியில் பதினொரு தொடல்.
இரண்டாவதில் ஆறு,
ஏழாவதாக ஒரு விளம்பரம் குறுக்கே வந்து
உயர்ந்த திட்டத்துக்கு மாறச் சொன்னது.
மூன்றாவதில் என் அருமைக் கறுப்புத் திரை.
கெட்டுப்போன மீனைப் பார்ப்பதுபோல் பார்த்தாள்.

'இதிலிருந்து வெளியே வர எவ்வளவு நேரமாகும்?'

எனக்கு விளங்கவில்லை.

'பனிமேல் ஓட்டும்போது நாங்கள் பெல்ட் போடுவதில்லை.
அமிழ்ந்தால் கதவைத் திறந்து குதிக்க வேண்டும்.
இந்தப் பெட்டி அமிழ்ந்தால்
எங்கள் பன்னிரண்டு வருஷ அளவுகள்
எந்தக் கதவு வழியாக வெளியே வரும்?'

வாடகைப் பெட்டியைக் காட்டி
'கேட்டால் தருவார்கள்' என்றேன்.
'எப்படித் தருவார்கள்?'
எனக்குத் தெரியவில்லை.
இருபது வருஷமாக எத்தனையோ பேருக்கு
உள்ளே நுழையும் வாசலை
விளக்குப் போட்டுக் காட்டியிருக்கிறேன்.

கடைசியில் மூன்றாவதுதான்.
ஆனால் அந்தக் கறுப்புத் திரைக்கு முன்னால்
ஒரு கட்டம், ஒரு பொத்தான்,
கையுறைக் கட்டைவிரல் அகலத்துக்கு.
இராத்திரி விடுதியில் உட்கார்ந்து செய்து முடித்தேன்.
பெருமையாகத்தான் இருந்தது.

காலைப் படகு
பனியை நொறுக்கிக்கொண்டு போகையில்
போனைத் திறந்தேன்.
ஐந்து நாற்பது: 'பத்தொன்பது. மூடியிருக்கிறது.'
அப்படியே சிரித்தேன், தனியாக.
ஆறு மணிக்கு அவளிடமிருந்து குறுஞ்செய்தி:

'உன் கட்டம் எண்ணை மட்டும்தான் வாங்குகிறது.
பதினோராவது துளையில் தண்ணீர்.
அதை எங்கே எழுத?'

மடிக்கணினியைத் திறந்தேன்.
படகு குலுங்கியது.
கரை வருவதற்குள்
ஒரு வாக்கியத்துக்கு இடம் பண்ண வேண்டும்.